பெட்ரோலில் ஊற்றும் பாட்டில் மைலேஜ் தருமா? உங்கள் காரிலேயே சோதித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

முதன்முதலாக ஒரு இன்ஜெக்டர் கிளீனர் பாட்டிலை, அதாவது இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் முனையைச் சுத்தம் செய்யும் என்று விற்கும் திரவத்தை, டேங்கில் ஊற்றினேன், அடுத்த ஃபுல் டேங்க்குக்கு மைலேஜ் 9 சதவீதம் கூடியிருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை, கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். அப்புறம் கணக்கு நோட்டைப் புரட்டினால், அதே வாரத்தில்தான் நாலு டயருக்கும் காற்று நிரப்பியிருக்கிறேன். அந்த டேங்கில் பாதிக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓடியிருக்கிறது, அதற்கு முந்தைய டேங்க் முழுக்க நெரிசலில் தீர்ந்திருக்கிறது. பாட்டில் கொடுத்தது எவ்வளவு, காற்று கொடுத்தது எவ்வளவு, சாலை கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க என்னிடம் வழியே இல்லை.

அந்தப் பிரிப்பை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. எந்த பாட்டிலை வாங்கலாம் என்று இதில் சொல்லப்போவதில்லை. உங்கள் கையில் இருக்கும் பாட்டில் உங்கள் காரில் வேலை செய்கிறதா என்று நீங்களே, வீட்டில் இருந்தபடியே, ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் வைத்துக்கொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை முழுக்கச் சொல்கிறேன். சில மாதங்கள் ஆகும். ஒரே வாரத்தில் முடிவு தெரிய வேண்டும் என்றால் அதற்கு வழி கிடையாது.

ஊற்றுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. 40 லிட்டர் டேங்கில் நீங்கள் ஊற்றுவது 300 மில்லி பாட்டில். அந்த பாட்டில் முழுக்கச் சுத்தமான பெட்ரோலாகவே இருந்தாலும் அது சேர்ப்பது முக்கால் சதவீதம்தான். ஆகவே பாட்டிலுக்குள் ஆற்றல் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. மைலேஜ் கூட வேண்டுமென்றால், டேங்கில் ஏற்கெனவே இருக்கும் பெட்ரோலிலிருந்து இன்ஜின் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேலை வாங்க வேண்டும்.

இங்கேதான் பாட்டில்களின் மேல் எழுதியிருக்கும் அந்தப் பிரபலமான வாக்கியம் வருகிறது, எரியாமல் வீணாகும் பெட்ரோலை முழுவதுமாக எரிய வைக்கும் என்று. நல்ல நிலையில் இருக்கும், சூடேறிய ஒரு இன்ஜின் தனக்குள் போகும் பெட்ரோலில் நூற்றுக்கு 95 பங்குக்கும் மேல் எரித்துவிடுகிறது. மிச்சத்தில்தான் விளையாட இடம் இருக்கிறது, அதுவும் முழுதாகக் கையில் கிடைக்காது. அப்படியானால் இவ்வளவு பெட்ரோல் எங்கே போகிறது? பெரும்பகுதி வெப்பமாக, ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் போகிறது. சக்கரம் வரை வந்து சேர்வது கால்வாசி போல. அந்த வெப்ப இழப்பு இன்ஜினின் அமைப்போடு பிறந்தது, டேங்கில் எதைக் கலந்தாலும் அது மாறாது.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு மைலேஜ் கூட்டுவதாகச் சொல்லிக்கொண்ட 100-க்கும் மேற்பட்ட கருவிகளையும் சேர்மானங்களையும் பரிசீலித்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவுக்குக் கூட்டிய ஒன்றும் அதில் தேறவில்லை. அதே அமைப்பிடம் ஒரு சேர்மானம் பதிவு செய்யப்பட்டிருப்பதாக லேபிளில் போட்டிருந்தால் அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்பதற்கு முன் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி, பதிவு செய்ததாலேயே மைலேஜ் கூடும் என்று அவர்கள் சொன்னதாக ஆகிவிடாது.

அப்படியென்றால் சோதிக்கவே வேண்டாமா? வேண்டும். ஏனென்றால் ஒரு இடத்தில் பாட்டிலுக்கு உண்மையான வேலை இருக்கிறது. அழுக்கு சேர்ந்து மைலேஜ் குறைந்துபோன இன்ஜினில், இழந்ததைத் திருப்பிக் கொடுக்க முடியும். புதிதாக எதையும் கொடுப்பதில்லை, போனதை மீட்கிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் காரில் சோதிப்பது அர்த்தமுள்ளது என்பது தானாகவே புரிந்துவிடும். 10,000 கிலோமீட்டர் ஓடிய புதுக் காரில் மீட்க ஒன்றும் இருக்காது. ஒரு லட்சத்தைத் தாண்டி, குட்டிக் குட்டிப் பயணமாகவே ஓடி, ஐடிலில், அதாவது நின்றபடி இன்ஜின் ஓடும்போது, லேசாக நடுங்குகிற காரில் இருக்கலாம்.

கையில் இருப்பது எந்த வகை?

இது தெரியாமல் சோதனையை வடிவமைக்க முடியாது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் வகை, சுத்தம் செய்பவை. இவற்றில் எனக்கு நம்பிக்கை உள்ளது பாலிஈத்தர் அமீன் என்ற வேதிப்பொருள் இருப்பவை. இது எரியும் அறையின் வெப்பத்தையும் தாங்கி, இன்ஜெக்டர் நுனி, சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வ், பிஸ்டன் தலை என்று படிந்திருக்கும் கார்பனைக் கரைக்கக்கூடியது. லேபிளிலோ, நிறுவனம் வெளியிடும் பாதுகாப்புத் தகவல் தாளிலோ இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரே இல்லாமல் வெறும் கரைப்பான் என்று மட்டும் போட்டிருந்தால், பெரும்பாலும் மண்ணெண்ணெய் போன்ற ஒன்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள். இன்னொன்று, உங்கள் கார் நேரடி ஊசி இன்ஜினா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது, இன்டேக் வால்வின் பின்புறத்தை அது தொடுவதே இல்லை. ஆகவே டேங்கில் எதை ஊற்றினாலும் அந்த வால்வில் படிந்த கார்பன் அசையாது, இன்ஜெக்டர் நுனியும் எரியும் அறையும் மட்டும்தான் பயன்பெறும். வால்வை சுத்தம் செய்யும் என்று அந்தக் காருக்கு யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

நல்ல பெட்ரோலிலேயே சுத்தம் செய்யும் சேர்மானம் கலந்துதான் வருகிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 1995 முதல் இது கட்டாயம். அந்தக் குறைந்தபட்ச அளவு போதாது என்று 2004-ல் பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகியவை சேர்ந்து டாப் டியர் என்ற உயர்ந்த தரத்தைக் கொண்டுவந்தன. தொடர்ந்து நல்ல பெட்ரோல் போட்டு வந்த காரில் பாட்டிலுக்கு வேலை குறைவு.

இரண்டாவது வகை, ஆக்டேன் பூஸ்டர். ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது தவறு. பெட்ரோல் காற்றுக் கலவை, ஸ்பார்க் வருவதற்கு முன்போ வேறு மூலையிலோ தானாக வெடிக்காமல் அழுத்தத்தைத் தாங்கும் திறன்தான் ஆக்டேன். இன்ஜினுக்கு 91 போதும் என்று கையேட்டில் இருந்தால், 97 போடுவதால் மைலேஜுக்கு ஒன்றும் நடக்காது. மாறாக, டர்போ இருக்கிற அல்லது அழுத்த விகிதம் அதிகமான இன்ஜினில் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தால், அப்படித் தானாக வெடிக்கும்போது வரும் சத்தத்தை (இதைத்தான் நாக்கிங் என்பார்கள்) நாக் சென்சார் பிடித்து ஸ்பார்க் நேரத்தைப் பின்னால் தள்ளிவிடும், அதனால் இழுவையும் மைலேஜும் கொஞ்சம் குறையும். அந்த நிலையில் ஆக்டேன் கூடுவது உதவும். ஒரு எச்சரிக்கை: பாட்டிலில் 30 பாயின்ட் உயரும் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது 3 ஆக்டேன் எண்ணைத்தான் குறிக்கிறது, ஒரு எண்ணைப் பத்து பாயின்டாக எண்ணுவது அந்தத் தொழிலில் வழக்கம். 91-லிருந்து 121-க்குப் போகாது, 94-க்குப் போகலாம். பங்க்கிலேயே உயர் ஆக்டேன் பெட்ரோல் கிடைத்தால் அதை வாங்குவதே எளிது.

மூன்றாவது வகை, எரிதலை விரைவுபடுத்தும் உலோகச் சேர்மானங்கள். மாங்கனீசு கலந்தது, ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மம் கலந்தது எல்லாம் இதில் வரும். எனக்கு இவை பிடிக்காது, காரணம் எளிது, உலோகம் எரிந்து காணாமல் போகாது. செம்பழுப்பு நிறத்தில் ஸ்பார்க் பிளக்கின் பீங்கானில் படியும், அது நாளடைவில் மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்தால் மிஸ்ஃபயர் வரும், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கும், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் நல்லதில்லை. பெட்ரோலில் உலோகம் கலந்த கதையின் பெரிய அத்தியாயம் ஈயம். 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் ஈயம் நாக்கிங்கை நிறுத்துகிறது என்று கண்டார். அதைக் கார்களின் டேங்கிலிருந்து உலகம் முழுக்க ஒழிக்க 2021 வரை ஆனது, கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா. நூறு வருடம்! புகைக்குழாய் வழியாக வெளியே வருவதை நாமும் நம் பிள்ளைகளும்தான் சுவாசிக்கிறோம். அதனால் என்ன இருக்கிறது என்று சொல்லாத பாட்டிலை என் காரில் ஊற்றவே மாட்டேன்.

டீசல் காரில் கதை வேறு. அங்கே சீட்டேன் எண், அதாவது டீசல் எவ்வளவு சீக்கிரம் தானாகப் பற்றிக்கொள்கிறது என்பது முக்கியம். கந்தகம் நீக்கிய டீசலில் வழவழப்பு குறைவதால் பம்ப்பைக் காக்கும் சேர்மானமும் உண்டு. குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது வெள்ளைப் புகை வரும் காரில் சீட்டேன் சேர்மானம் நல்ல மாற்றம் காட்டலாம், மைலேஜில் மாற்றம் சிறியதுதான். பெட்ரோல் பாட்டிலை டீசலுக்கோ டீசல் பாட்டிலை பெட்ரோலுக்கோ மாற்றி ஊற்றாதீர்கள்.

கடைசியாக, வீட்டுச் சரக்கு. அசிட்டோன், தின்னர், அந்துருண்டை, மண்ணெண்ணெய். இவற்றை சோதிக்கக்கூட வேண்டாம் என்கிறேன். அசிட்டோனில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலைவிடக் கணிசமாகக் குறைவு, ரப்பர் சீல்களை ஊதிப்போக வைக்கும், ஒரு சொட்டு சிந்தினால் காரின் பெயின்ட் போய்விடும். அந்துருண்டை நாஃப்தலீனாக இருந்தால் குளிர்ந்தபோது கட்டியாகி ஃபில்டரை அடைக்கலாம். இப்போது விற்கும் உருண்டைகளில் பல நாஃப்தலீனே இல்லை, குளோரின் உள்ள வேறு பொருள், அது எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரும், இன்ஜினுக்குள் அமிலம்! மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகக் குறைவு, நாக்கிங் வந்து பிஸ்டனைத் தின்றுவிடும்.

படி 1: முதலில் காரை ஒழுங்குபடுத்துங்கள்

சோதனை தொடங்குவதற்கு முன் மைலேஜைத் தின்னும் சாதாரணக் குறைகளைச் சரிசெய்துவிடுங்கள். சோதனையின் நடுவில் சரிசெய்தால் என் முதல் பாட்டிலின் கதைதான் உங்களுக்கும் நடக்கும்.

டயர் காற்று, காலையில் கார் ஓடாமல் ஆறியிருக்கும்போது, கையேட்டில் உள்ள அளவுக்கு. ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக் உராய்ந்துகொண்டே இருந்தால் இறுக்கம் தெரியும். செக் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் பாட்டிலைத் தொடவே வேண்டாம், முதலில் அது. பழுதான ஆக்சிஜன் சென்சார் போன்ற ஒரு பெரிய கோளாறைச் சரிசெய்தால் 40 சதவீதம் வரைகூட மைலேஜ் கூடலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது, எந்த பாட்டிலும் இதன் பக்கத்தில் வராது. இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் சூடேறவே ஏறாது, எப்போதும் குளிர்ந்த இன்ஜினுக்கு ஊற்றும் அளவில் பெட்ரோல் போகும். வெப்பமானியின் முள் பாதிக்குக் கீழேயே நிற்கிறதா என்று கவனியுங்கள்.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அழுக்கு ஃபில்டர் மைலேஜைக் குறைக்கும் என்று எல்லோரும் சொல்வோம். அது கார்புரேட்டர் காலத்துக்குச் சரி. கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோல் தெளிக்கும் கார்களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் சோதித்தபோது, அடைத்த ஃபில்டரால் இழுவைதான் குறைந்தது, மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. காற்று குறைந்தால் அதற்கேற்பக் கணினியும் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. ஃபில்டரை மாற்றுங்கள், ஆனால் மைலேஜுக்காக என்று எதிர்பார்க்க வேண்டாம்.

படி 2: பாட்டில் இல்லாமல் மூன்று டேங்க்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாட்டில் வாங்கி வைத்துவிட்டால் கை சும்மா இருக்காது. ஆனால் உங்கள் காரின் இயல்பான மைலேஜும், அது தானாகவே எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதும் தெரியாவிட்டால் அப்புறம் வரும் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இல்லை.

ஒரே பங்க், ஒரே பம்ப், ஒரே பக்கம், முடிந்தால் ஒரே நேரம். நாசில் முதல் தடவை தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் கழுத்து வரை நிரப்பச் சொல்லாதீர்கள். கார் நிற்கும் தரை கொஞ்சம் சரிந்திருந்தாலே டேங்கில் அடங்கும் அளவு மாறும், அதனால்தான் ஒரே பம்ப் என்கிறேன். பெட்ரோல் 10 டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் விரிவடையும் என்பதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

ஒவ்வொரு முறையும் டேங்கில் முக்கால்வாசி தீர்ந்த பிறகு நிரப்புங்கள். நிரப்பும்போது அரை லிட்டர் முன்பின்னாக நின்றுவிட்டால், 10 லிட்டர் நிரப்பியவருக்கு அது 5 சதவீதப் பிழை. 35 லிட்டர் நிரப்பியவருக்கு ஒன்றரை சதவீதம்கூட இல்லை. மூன்று டேங்க்கைச் சேர்த்துக் கணக்கிட்டால் இன்னும் சுருங்கும், ஏனென்றால் நடுவில் நிரப்பிய பிழைகள் ஒன்றையொன்று அடித்துவிடும், முதலும் கடைசியும்தான் மிஞ்சும்.

டாஷ்போர்டில் தெரியும் மைலேஜை எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். இன்ஜெக்டர் எத்தனை நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து கணினி போடும் கணக்கு அது. நாம் சோதிப்பதே இன்ஜெக்டரின் நிலையை. அளக்கப்படும் பொருளையே அளவுகோலாக வைத்துக்கொள்வது எப்படிச் சரியாகும்?

நோட்டில் இவ்வளவு இருந்தால் போதும்: தேதி, ஓடோமீட்டர், லிட்டர், ஓடியதில் நெடுஞ்சாலை எவ்வளவு, ஏசி ஓடியதா, அன்றைய வெப்பம், கூட எத்தனை பேர். எத்தனால் கலப்பு மாறியதா என்பதை மட்டும் தனியாகக் கவனியுங்கள். எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். 10 சதவீதக் கலப்பிலிருந்து 20 சதவீதத்துக்குப் பங்க் மாறிவிட்டால் அந்த ஒன்றே 3 சதவீதத்துக்கும் மேல் மைலேஜைக் குறைக்கலாம், பழி பாட்டில் மேல் விழும்.

வேகம்கூட அப்படித்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது, 80-ல் ஓட்டியவர் 100-ல் ஓட்டினால் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். தினமும் ஒரே பாதையில் வேலைக்குப் போய்வருபவர்தான் இந்தச் சோதனைக்குச் சரியான ஆள்.

படி 3: கணக்கு

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒவ்வொரு டேங்க்குக்கும் கண்டுபிடித்து அவற்றின் சராசரியை எடுப்பதுதான் எல்லோரும் செய்வது, அது தவறு. மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். முதல் டேங்க் 512 கிலோமீட்டர், 34.1 லிட்டர். இரண்டாவது 498, 33.6 லிட்டர். மூன்றாவது 530, 35 லிட்டர். மொத்தம் 1,540 கிலோமீட்டர், 102.7 லிட்டர், ஆக 15.0. தனித்தனியாகப் பார்த்தால் 15.0, 14.8, 15.1 என்று வருகிறது. எதையும் ஊற்றாமலேயே இந்தக் கார் 2 சதவீதம் ஆடுகிறது என்று அர்த்தம். இதுதான் உங்கள் இரைச்சல். இந்த அளவுக்குள் வரும் எந்த முன்னேற்றத்தையும் நீங்கள் முன்னேற்றம் என்று சொல்லக்கூடாது. உங்கள் மூன்று டேங்க்கும் 6, 7 சதவீதம் வித்தியாசப்பட்டால் பாட்டிலைத் திறக்காதீர்கள், ஓட்டும் முறையில் ஏதோ நிலையில்லாமல் இருக்கிறது, இன்னும் இரண்டு டேங்க் அளந்து பாருங்கள்.

படி 4: ஊற்றுவது

டேங்க் கால்வாசிக்கு வந்ததும் பாட்டிலை ஊற்றி, உடனே ஃபுல் டேங்க் நிரப்புங்கள். மேலே விழும் பெட்ரோலின் வேகமே நன்றாகக் கலந்துவிடும். ஒரு பாட்டில் 60 லிட்டருக்கு என்று லேபிளில் இருந்து உங்கள் டேங்க் 40 லிட்டர் என்றால் மூன்றில் இரண்டு பங்குதான் ஊற்ற வேண்டும். இரட்டிப்பாக ஊற்றினால் இரட்டிப்பாக சுத்தமாகும் என்று இல்லை, எரியாமல் மிஞ்சியது பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இன்ஜின் ஆயிலில் போய்ச் சேரும்.

திறந்தவெளியில், இன்ஜினை அணைத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும், உறைநிலைக்கு எத்தனையோ டிகிரி கீழேகூட பற்றிக்கொள்ளும். மூடிய கராஜில், எரியும் எதற்கும் பக்கத்தில் வைத்து இதைச் செய்யாதீர்கள். மிச்சம் இருந்தால் அதே பாட்டிலில் வையுங்கள், தண்ணீர் பாட்டிலுக்கு மாற்றி வைக்காதீர்கள், பிள்ளைகள் தண்ணீர் என்று எடுத்துவிடலாம்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம், நிறையப் பேர் இதைச் சோதனையின் ஒரு பகுதியாகவே நினைப்பதில்லை. பாட்டில் ஊற்றியவரின் கால் மாறிவிடுகிறது. மைலேஜ் எவ்வளவு வருகிறது என்று பார்க்கும் ஆவலில் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதிப்போம், சிக்னலுக்கு முன்னாலேயே காலை எடுப்போம், 95-ல் போகிறவர் 85-ல் போவோம். வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் அந்த ஒரு மாற்றமே எந்த சேர்மானமும் தராத அளவுக்கு மைலேஜைக் கூட்டிவிடும், பாராட்டு பாட்டிலுக்குப் போகும். இதற்கு ஒரே மருந்து, ஊற்றியது உங்களுக்குத் தெரியாமல் இருப்பது. வீட்டில் ஒருவரிடம் பாட்டிலைக் கொடுத்துவிடுங்கள். எந்த டேங்க்குக்கு ஊற்றுவது, எதற்கு ஊற்றாமல் விடுவது என்று அவரே சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி வைக்கட்டும். நீங்கள் பங்க்குக்குப் போகும் முன் அவர் காரிடம் தனியாகப் போய்வரட்டும். எல்லா டேங்க்கும் முடிந்து கணக்குப் போட்ட பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். அவருக்குக் கையுறையும் எச்சரிக்கையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் இந்தச் சீட்டு முறை டேங்கில் இருக்கும்வரை மட்டும் வேலை செய்யும் வகைகளுக்குத்தான், ஆக்டேன், சீட்டேன் போன்றவற்றுக்கு. சுத்தம் செய்யும் வகைக்குப் பொருந்தாது, அதற்கு வேறு வழி வேண்டும்.

படி 5: திரும்பிப் போய்ப் பார்ப்பது

டேங்கில் இருந்தால்தான் வேலை செய்யும் வகை, ஆனால் சீட்டுக் குலுக்க ஆள் இல்லை என்றால், பாட்டில் போட்ட மூன்று டேங்க்குக்குப் பிறகு மறுபடி பாட்டில் இல்லாமல் மூன்று டேங்க் ஓட்டுங்கள். நம் உதாரணத்தைத் தொடர்ந்தால், பாட்டிலோடு 1,560 கிலோமீட்டர் 101.4 லிட்டர், அதாவது 15.4. ஆகா, இரண்டரை சதவீதத்துக்கும் மேல் கூடியிருக்கிறது! ஆனால் பாட்டிலை நிறுத்திய பிறகு 1,525 கிலோமீட்டர் 100.1 லிட்டர், 15.2 வருகிறது. பாட்டில் இல்லாமலேயே முதலில் இருந்ததைவிட கூடியிருக்கிறது. பருவம் மாறியிருக்கலாம், புதுச் சாலை போட்டிருக்கலாம். முன்னும் பின்னும் சேர்த்த சராசரியோடு ஒப்பிட்டால் பாட்டிலின் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே, அதாவது இரைச்சலுக்குள். முடிவு: ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள மனம் வராது, எனக்கும் வரவில்லை, ஆனால் அதுதான் நேர்மையான பதில்.

சுத்தம் செய்யும் வகைக்கு இது தலைகீழ். அழுக்கு போய்விட்டால் அடுத்த டேங்கிலேயே திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளாது. ஆகவே உண்மையில் சுத்தமாகித்தான் மைலேஜ் கூடியது என்றால் பாட்டிலை நிறுத்திய பிறகும் அது நிற்க வேண்டும். நிறுத்தியவுடன் பழைய நிலைக்கு வந்துவிட்டால் கூடியதற்குக் காரணம் வேறு. ஆனால் நின்றால் மட்டும் போதுமா, பருவம் மாறியதாலும் நிற்கலாமே? இங்கேதான் ஒப்பீட்டுக்கு இன்னொரு கார் தேவைப்படுகிறது. லாரிகளின் எரிபொருள் செலவைச் சோதிக்க வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த ஜே1321 என்று ஒரு தர முறை உண்டு, அதன் உயிர்நாடியே இதுதான்: ஒன்றும் மாற்றாத ஒரு வண்டியும் சோதனை வண்டியும் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் ஓடும், இரண்டின் செலவுக்கும் உள்ள விகிதம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். காற்று, மழை, வெயில் இரண்டுக்கும் பொது, அதனால் கழிந்துவிடும். அதே பாதையில் வேலைக்குப் போகும் நண்பர் ஒருவர் இருந்தால் அவரையும் ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். அவர் காரிலும் அதே 3 சதவீதம் கூடினால் உங்கள் பாட்டிலுக்கு அதில் பங்கில்லை.

பத்து டேங்க் ஊற்றினால்தான் பலன் தெரியும் என்று சில பாட்டில்கள் சொல்லும். பத்து டேங்க் என்றால் பலருக்கு அரை வருடம், பருவமே மாறிவிடும். ஒப்பிட இன்னொரு கார் இல்லாமல் அதைச் சோதிக்கவே முடியாது.

படி 6: ஸ்கேனர் இருந்தால்

காரின் கணினியிலிருந்து தகவலைப் படிப்பதற்கான ஓபிடி துளையில் செருகும் சின்னக் கருவி ஒன்றும் போனில் ஒரு செயலியும் இருந்தால், மைலேஜைவிட வேகமாக உண்மையைச் சொல்லும் எண் ஒன்று கிடைக்கும். நீண்டகாலத் திருத்தம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம், செயலியில் ஃபியூவல் டிரிம் என்று வரும். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, கணினி தன் அடிப்படைக் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ தெளிக்கிறது என்பதுதான் இது. பிளஸ் 8, 10 என்று நின்றால் இன்ஜெக்டர் அடைத்து, எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தெளிக்கிறது என்று அர்த்தமாகலாம் (எங்காவது காற்று கசிந்தாலும், பெட்ரோல் அழுத்தம் குறைந்தாலும் இப்படித்தான் காட்டும், அவற்றை முதலில் பாருங்கள்). கிளீனர் ஊற்றி இரண்டு டேங்க் ஓடிய பிறகு அது பிளஸ் 2, 3-க்கு இறங்கியிருந்தால் ஏதோ உண்மையில் சுத்தமாகியிருக்கிறது. ஆரம்பத்திலேயே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால், பாட்டிலைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம்.

எல்லா எண்களையும் ஒரே மாதிரி, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஐடிலில் ஒரு முறையும் சீரான வேகத்தில் ஒரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காசு கணக்கு

இதற்கு ஒரு வரி போதும். பாட்டிலின் விலை ஃபுல் டேங்க் விலையில் எத்தனை சதவீதமோ, அத்தனை சதவீதம் மைலேஜ் கூடினால்தான் போட்ட காசு திரும்பும். 40 லிட்டர் டேங்க்குக்கு ஊற்றும் பாட்டில் 4 லிட்டர் பெட்ரோல் விலை என்றால் 10 சதவீதம் கூட வேண்டும். ஒவ்வொரு டேங்க்குக்கும் ஊற்றச் சொல்லும் பொருள் இந்தக் கணக்கில் தேறுவது மிக மிகக் கடினம். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஊற்றும் கிளீனர் தேறலாம், ஏனென்றால் பலன் பல டேங்க்குக்கு நிற்கிறது. முன்னால் அழுக்கு இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது நிறுத்த வேண்டும்

பாட்டில் ஊற்றிய டேங்கில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தாலோ, மேடேறும்போது டக் டக் என்று சத்தம் கேட்டாலோ, இன்ஜின் உதறினாலோ சோதனை அங்கேயே முடிந்தது. டேங்க்கை முடிப்போம் என்று ஓட்டாதீர்கள், சுத்தமான பெட்ரோலை மேலே நிரப்பிக் கலவையை நீர்த்துப்போகச் செய்து, மெக்கானிக்கிடம் காட்டுங்கள், என்ன ஊற்றினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், பாட்டிலையே கையில் கொண்டுபோங்கள். வாரன்டி இருக்கும் கார் என்றால் தொடங்குவதற்கு முன்பே கையேட்டில் எரிபொருள் பகுதியைப் படித்துவிடுங்கள், எந்தச் சேர்மானமும் கூடாது என்று சில நிறுவனங்கள் தெளிவாகவே எழுதியிருக்கின்றன.

தேதி குறிப்பதில் மட்டும் ஒரு யோசனை. கிளீனர் ஊற்றும் டேங்க்கை ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன்னால் வருமாறு வைத்துக்கொள்ளுங்கள். கரைந்த அழுக்கும் எரியாத கிளீனரும் கொஞ்சம் ஆயிலில் இறங்கியிருக்கும், பழைய ஆயிலோடு சேர்ந்து அதுவும் வெளியே போய்விடும். ஆனால் ஆயில் மாற்றினாலே மைலேஜ் சற்று மாறக்கூடும் என்பதால், கிளீனருக்கு முன்பு அளக்கும் மூன்று டேங்க்கும் பழைய ஆயிலில் ஓடியவை, பின்பு அளப்பவை புது ஆயிலில் ஓடியவை என்று ஆகிவிடும். அதற்கு நான் செய்வது இது: அதே கிரேடு ஆயிலையே மறுபடி போடுகிறேன், நண்பரின் காருக்கும் அதே வாரத்தில் ஆயில் மாற்ற வைக்கிறேன், அந்தத் தேதியை இரண்டு நோட்டிலும் சிவப்பு மையில் குறிக்கிறேன்.